அது உங்கள் வாய் இல்லை

என் அன்புக் கணவருக்கு,

இங்கே நானும் பாப்பாவும் நன்றாக இருக்கிறோம். அங்கே நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று வழக்கம்போல் கேட்க மாட்டேன். கேட்டால் "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பீர்கள். அந்தப் பதிலை நம்புகிற நிலையில் நான் இப்போது இல்லை.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று பார்க்கிறீர்கள். போனில் உங்களைப் பிடிக்க முடியவில்லையே! பேச்சு பல் பக்கம் திரும்பினாலே "சிக்னல் போகுது, சிக்னல் போகுது" என்று நழுவிவிடுகிறீர்கள். உங்கள் கேம்ப் ஸ்டோர் கீப்பர் லீவு முடிந்து நாளை மறுநாள் புறப்படுகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து, நீங்கள் கடைசி வரி படிக்கும்வரை பக்கத்திலேயே நிற்கச் சொல்லியிருக்கிறேன். பாவம் அந்த மனிதர், "சரிம்மா, சரிம்மா" என்று தலையாட்டினார்.

வீட்டுச் செய்திகளை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு எழுத மனம் வராது. குளியலறைக் குழாயை மாற்றியாயிற்று. பாப்பா கணக்கில் வகுப்பிலேயே இரண்டாவது. முதலாவது வரவில்லையென்று மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள், உங்கள் பெண் அல்லவா! எங்கள் கண்ணாடிக் கடையை மாடிக்கு மாற்றிவிட்டார்கள். கண் தெரியவில்லை என்று வருகிறவர்களைப் படியேற வைக்கிற புத்திசாலி எங்கள் முதலாளி ஒருவர்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஐந்து வாரத்துக்கு முன்னால் உங்கள் கடைவாய்ப் பல் உடைந்து, அதன் முனை கன்னத்தின் உள்பக்கத்தைக் கீறுகிறது என்று சொன்னீர்கள். அன்றே நான் பல் டாக்டரம்மாவிடம் போய் நின்றேன். கேம்பிலிருந்து ஆஸ்பத்திரி ஒன்பது மணி நேரப் பயணம், லீவு தர மாட்டார்கள் என்று அழாத குறையாகச் சொன்னேன். போனிலேயே பார்த்துவிடலாம் என்றார். அடேயப்பா, அந்த முதல் நாளை மறக்க முடியுமா? நீங்கள் ஜன்னலோரம் நின்று ஸ்பூன் காம்பால் கன்னத்தை இழுத்துப் பிடிக்கிறீர்கள். உங்கள் அறையில் தங்கியிருக்கும் வெல்டர் தம்பி டார்ச் அடிக்கிறேன் என்று உங்கள் மூக்குக்குள் அடிக்கிறார். டாக்டரம்மா "இன்னும் கீழ, இன்னும் கீழ" என்று கத்துகிறார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மறுநாள் கேம்ப் நர்ஸ், டாக்டரம்மா போனில் சொல்லச் சொல்ல, அந்த முனையைப் பல் அடைக்கும் சிமெண்ட் வைத்து மூடினார். வலி நின்றது. உங்களுக்கு அத்தோடு கதை முடிந்தது.

டாக்டரம்மாவுக்குக் கதை முடியவில்லை. பல் உரசிய இடத்தைத் தாண்டி, கன்னத்தில் வெள்ளையும் சிவப்புமாக ஒரு திட்டு இருப்பதை அவர் பார்த்துவிட்டார். "பல்லு பட்டு வந்த புண்ணுன்னா ரெண்டு வாரத்துல ஆறிடணும். ஆறலைன்னா அது போன்ல பாக்குற சமாச்சாரம் இல்ல. நேர்ல வந்து, துளியூண்டு சதை எடுத்து டெஸ்ட் பண்ணியே ஆகணும்" என்று உங்களிடமும் என்னிடமும் சேர்த்துத்தான் சொன்னார். அப்போதே உங்களிடம் இன்னொன்றும் கேட்டார். "புகையிலை போடுவீங்களா?" நீங்கள் "சேச்சே, அந்தப் பழக்கமே இல்லீங்க" என்றீர்கள். போனின் மறுபக்கத்தில் நான் இருந்தேன். உங்கள் சட்டைப் பையை எத்தனை தரம் துவைத்திருக்கிறேன், எனக்குத் தெரியாதா? ஆனாலும் வெளி ஆள் முன்னால் உங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தேன். அன்று பொய் சொன்னது நீங்கள் மட்டும் இல்லை.

இரண்டு வாரம் மூன்றாகி, நான்காகி, நான் நச்சரித்து நச்சரித்து, போன வியாழக்கிழமைதான் நீங்கள் டாக்டரம்மாவுக்குப் போட்டோ அனுப்பினீர்கள். அவர் அதைப் பார்த்துவிட்டு, அந்தப் போட்டோவோடு எனக்கும் செய்தி அனுப்பினார். நன்றாக ஆறிவிட்டது, இனிக் கவலை வேண்டாம் என்று. கடையில் ஒருவருக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டிருந்தேன். அப்படியே உட்கார்ந்து அழுதுவிட்டேன். கண்ணாடி வாங்க வந்தவர் பயந்துபோய் "நல்லாத்தாம்மா தெரியுது, நல்லாத்தான் தெரியுது" என்கிறார். உங்கள் அக்காவுக்குப் போன் செய்தேன். கடையில் எல்லோருக்கும் இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வரும்போது பாப்பாவுக்குச் செருப்பு வேறு வாங்கினேன், எதற்கென்றே தெரியாமல்.

சாயங்காலம் போட்டோவைப் பாப்பாவிடம் காட்டினேன். அவள் போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, அப்பா எப்பம்மா பல்லுக்குக் கம்பி போட்டுக்கிட்டாரு? நான் கேட்டா மட்டும் வேணாங்குறாரு" என்றாள்.

நான் அப்போதுதான் பார்த்தேன். அதுவரை கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். போட்டோவின் ஓரத்தில் கீழ் முன்பற்கள் நாலைந்து தெரிந்தன. ஒன்றோடொன்று ஒட்டி, அளந்து அடுக்கியது போல் நேராக இருந்தன. உங்களுக்குக் கீழ் வரிசையில் ஒரு பல் உள்ளே தள்ளிக் குறுக்காக நிற்கும். பதினாறு வருஷமாக எதிரில் உட்கார்ந்து பார்க்கிற வாய் அது. அந்தப் போட்டோவில் இருந்தது உங்கள் வாய் இல்லை.

பாப்பாவிடம் "வெளிச்சத்துல அப்படித் தெரியுதுடி" என்று சமாளித்தேன். அவள் என்னையே பார்த்தாள். பதினாலு வயது ஆகிறது, அவள் காதில் பூச்சுற்ற முடியாது.

மறுநாள் அரை நாள் லீவு போட்டு டாக்டரம்மாவிடம் போனேன். பாப்பாவின் பிறந்தநாளில் நீங்கள் வாய்விட்டுச் சிரிக்கிற போட்டோவை எடுத்துப் போயிருந்தேன். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்துவிட்டார். "கன்னத்தைத்தான் பாத்தேன், பல்லைப் பாக்கணும்னு தோணலை. கடைவாய்ல அடைச்ச பல்லு ஒண்ணு தெரிஞ்சுது, அவர்தான்னு நம்பிட்டேன். என் தப்பும்மா" என்றார். எனக்கு அவரைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. எப்படிப்பட்ட மனுஷி அவர், அவரைப் போய் ஏமாற்றியிருக்கிறோமே! அப்போதுதான் புகையிலை விஷயத்தையும் சொல்லிவிட்டேன். எப்போதிருந்து, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, எந்தப் பக்கம் ஒதுக்கிக்கொள்வீர்கள், எல்லாவற்றையும் சொன்னேன். திட்டு இருக்கிற அதே பக்கம்தான் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறியது. நீங்கள் என் மேல் கோபப்படலாம். பட்டுக்கொள்ளுங்கள்.

போட்டோவில் இருப்பது உங்கள் அறை வெல்டர் தம்பியின் வாயாகத்தான் இருக்கும். அவரை நான் திட்டவில்லை. நீங்கள் கெஞ்சியிருப்பீர்கள், அவரும் அண்ணனுக்காக என்று வாயைத் திறந்திருப்பார். அவர் கன்னம் மிக ஆரோக்கியமாக இருக்கிறதாம், டாக்டரம்மாவே சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

ஏன் செய்தீர்கள் என்றும் யோசித்துப் பார்த்தேன். இந்த மாதக் கடைசியில் கிரேன் சூப்பர்வைசர் யார் என்று முடிவு செய்கிறார்கள். லீவில் போனவனுக்குக் கிடைக்காது. கிடைத்தால் குடும்பத்தை அங்கே கூட்டிக்கொள்ளலாம். எங்களுக்காகத்தான் செய்தேன் என்பீர்கள். பாதி நம்புகிறேன். மீதிப் பாதி பயம். நூறடி உயரத்தில் தனியாக உட்கார்ந்து லாரியையே தூக்குகிறவருக்கு, ஒரு துளி சதையை எடுத்துப் பார்ப்பதற்குப் பயம். அது தப்பில்லை. என்னிடம் சொல்லியிருக்கலாம், அதுதான் ஆறவில்லை. இன்னொருவர் நலமாக இருப்பதைக் காட்டி என்னைச் சந்தோஷப்பட வைத்தீர்களே, அந்த அரை நாள் நான் பட்ட சந்தோஷத்தை நினைத்தால்தான் பொறுக்க முடியவில்லை.

டாக்டரம்மாவிடம் நேராகவே கேட்டேன், அதுவா என்று. பெயரை நான் சொல்லவில்லை, அவருக்குப் புரிந்தது. "ஒண்ணுமில்லாமலும் இருக்கலாம். இருந்தாலும் ஆரம்பம்னா சின்ன வேலைதான், சரியாகிடும். தள்ளிப்போடறதுதாம்மா ஆபத்து. அவரைக் கூப்பிட்டு வாங்க" என்றார். அவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

அதனால் கேளுங்கள். இன்றே லீவு எழுதிக் கொடுங்கள். காரணத்தை மறைக்காமல் எழுதுங்கள். டாக்டரம்மா கொடுத்த கடிதத்தையும் இதோடு வைத்திருக்கிறேன். அந்த வேலை வேறு யாருக்காவது போகட்டும். நாங்கள் அங்கே வருவது தள்ளிப்போனால் போகட்டும். பாப்பாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுந்து போய் உங்கள் அலமாரியைச் சுத்தம் செய்தாள். உங்கள் அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. அதை நீங்களே வந்து சொல்லிக்கொள்ளுங்கள், என்னால் இரண்டாம் தரம் சொல்ல முடியாது.

எனக்கு உங்கள் மேல் இருக்கிற கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. வந்த பிறகு ஆற அமரத் திட்டுவேன், ஒரு வார்த்தை பாக்கி வைக்க மாட்டேன். அதற்காகவாவது நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். நீண்ட காலம் இருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் அந்த டெஸ்டுக்காக ஒரு படிவம் கொடுத்தார்கள். உடன் இருப்பவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன். தேதியைக் கேட்டார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. வந்து சொல்லுங்கள்.

வாசலையே பார்த்திருக்கும்,
உங்கள் மனைவி