பதினோரு பனியன்

ஆகஸ்ட் 24, திங்கள்

காலையில் தூறல், பத்து மணிக்கு மேல் வெயில். நேற்று சின்னசேலம் ரயில்வே ஸ்டேஷனில் என் லோடு ஆட்களுக்கும் ரத்தினத்தின் லோடு ஆட்களுக்கும் கைகலப்பு. உர வேகன் வரும் பருவம். மூட்டை இறக்கும் வேலை யாருக்கு என்பதுதான் தகராறு. ஒருவனுக்குக் காதில் கீறல், இன்னொருவனுக்குச் சட்டை கிழிசல். அதோடு நின்றது.

ரத்தினத்துக்கு சி.சேலத்தில் உரக்கடை. எனக்குக் கள்ளக்குறிச்சியில் உரமும் மலைச்சரக்கும். ஒரே வேகனில்தான் இருவர் சரக்கும் வரும். இத்தனை வருஷம் யார் ஆள் முன்னால் வந்து நின்றார்களோ அவர்கள் இறக்கினார்கள். இந்த வருஷம் அது நடக்காது. இட ஒதுக்கீட்டுப் போராட்டம் எல்லா ஊரிலும் சூடு. அவன் ஆட்கள் ஒரே தெரு, என் ஆட்கள் நாலு தெரு. அடி விழுந்தால் மூட்டைக்கு விழுந்த அடி என்று எவனும் சொல்லப்போவதில்லை, சாதிச் சண்டை என்பார்கள்.

இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் கூப்பிட்டார். பேசி முடிக்காவிட்டால் சேலத்திலிருந்து ஆள் இறக்கச் சொல்லிவிடுவேன் என்றார். ரத்தினம் உடனே, வருகிற ஞாயிறு கால்பந்து ஆடிப் பார்த்துக்கொள்ளலாம், ஜெயிக்கிறவன் ஆட்கள் பொங்கல் வரை வேகன் இறக்கட்டும், தோற்றவன் ஸ்டேஷன் பக்கம் வரக்கூடாது என்றான். இன்ஸ்பெக்டர் சிரித்தார், பிறகு அதுவும் நல்லதுதான் என்றார். ரத்தினத்தின் ஆட்கள் தினமும் பள்ளிக்கூட மைதானத்தில் ஆடுகிறவர்கள். தெரிந்துதான் கேட்கிறான். தெரிந்துதான் நானும் சரி என்றேன். மனதில் நெய்வேலி ஆட்டக்காரன் கென்னடி.

தோற்றால் பொங்கல் வரை என் ஆட்கள் வீட்டு அடுப்பு எரிவது கஷ்டம். வேறு மண்டி தேடிப் போவார்கள். போனவர்கள் புளி சீசனுக்குத் திரும்பி வருவார்கள் என்பது நிச்சயமில்லை.

வாங்க: பந்து ஒன்று. காற்றடிக்கும் ஊசி. பனியன் பதினொன்று, மஞ்சள். எலுமிச்சை. வீட்டுக்குச் சீயக்காய் (மூன்றாம் முறை எழுதுகிறேன்).

வீட்டில் சொன்னேன். "வேகன் எறக்கறதுக்குப் பந்து ஆடறீங்க. நாளைக்குக் கடை வாடகைக்குச் சடுகுடு ஆடுவீங்களா?" என்றாள்.

ஆகஸ்ட் 25, செவ்வாய்

வெயில். நெய்வேலிக்கு டிரங்கால். மூன்று மணி நேரம் காத்திருந்து லைன் கிடைத்தது. கென்னடி வருகிறான். யூரியா எடுக்கப் போன இடத்தில் அவன் ஆடிப் பார்த்திருக்கிறேன். பந்து அவன் காலை விட்டு நகராது. ஒருவனை வைத்துக்கொண்டு அங்கே ஒரு டீமே பிழைக்கிறது.

மேஸ்திரி பரசுராமனிடம் சொன்னேன். என் லோடு ஆட்களுக்குத் தலைவன், பத்து வருஷமாக என்னிடம் இருப்பவன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். சாக்குத் தைக்கும் ஊசியைத் துடைத்து வைத்தான்.

"வரட்டுங்க மொதலாளி. அவருக்காக நம்மாளுல யாரு குந்திக்கணும்னு நீங்களே சொல்லிடுங்க."

பிறகு பார்க்கலாம் என்றேன்.

சாயங்காலம் மூட்டைகள் மேல் உட்கார்ந்து பேச்சு. ஏழுமலை என்கிற பையன்தான் நம் பக்கம் கோல் போடுகிறவன். கென்னடி வந்தால் அவன் உட்கார வேண்டியிருக்கும். ஆனால் அவன்தான் கென்னடிக்காக வாதாடினான். "போன வருசம் மெக்சிகோல ஒரே ஆளுதானே மொதலாளி கப்பு வாங்கினான்? டீக்கடை, சலூன் எல்லாத்துலயும் அவன் படந்தான் மாட்டிக்கினு இருக்குது."

வாஸ்தவம். அந்தக் கடைசி ஆட்டத்தை நெய்வேலியில் ஒரு ஆபீசர் வீட்டு டி.வி.யில் பார்த்தேன். அர்ஜென்டினா இரண்டு கோல் முன்னால். குள்ளமான கேப்டனைச் சுற்றி எப்போதும் மூன்று பேர். ஜெர்மனிக்காரன் அவசரப்படவே இல்லை. இரண்டையும் திருப்பிப் போட்டான். அதில் ஒன்றைப் போட்டவன் முதல் பாதி முழுக்க வெளியே உட்கார்ந்திருந்தவன். பிறகு குள்ளன் ஒரே ஒரு பந்தைத் தள்ளிவிட்டான், மூன்றாவது கோல், முடிந்தது.

ஏழுமலை சொல்வது சரி. ஆனால் அந்த ஆபீசர் சொன்ன இன்னொன்றும் நினைவில் இருக்கிறது. அதற்கு முந்தைய கோப்பையிலும் கடைசி ஆட்டத்தில் நின்றது இதே ஜெர்மனி. அதற்கு முன் இரண்டு தடவை ஜெயித்தும் இருக்கிறார்கள். ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், டீம் அதே இடத்தில் நிற்கிறது. பிரேசில் ஸ்பெயினுக்குப் போனபோது பத்துப் பேரும் ஸ்டார். பாதியிலேயே வீடு திரும்பினார்கள்.

ஸ்டார் என்பது மலையில் நிற்கும் புளியமரம். காய்த்தால் வண்டி பத்தாது. மறுவருஷம் பார்த்தால் இலைதான். ஜெர்மனி சாமைக்காடு. ஒரு வருஷமும் கொட்டாது, ஒரு வருஷமும் இல்லாமல் போகாது. நான் கடை போட்டது சாமையை நம்பி.

அப்படியிருந்தும் டிரங்கால் போட்டது கென்னடிக்கு. ஒரே ஒரு ஆட்டம் என்றால் புளியமரம்தான் வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆகஸ்ட் 26, புதன்

வெள்ளிமலை. மேலே மூடுபனி, கச்சிராயபாளையம் இறங்கியதும் வெயில். தேன் பார்த்தேன், தண்ணியாக இருந்தது, வேண்டாம் என்றேன். சாமைக்குக் களை முடிந்துவிட்டது. வருஷா வருஷம் வேகன் வேலைக்கு இறங்கும் நாலு பேர் இந்த வருஷமும் வருகிறார்கள். பந்தாட்டம் என்றதும் அவர்களில் சடையன் கேட்டான், "ஓடணுங்களா, தூக்கணுங்களா?" ஓடணும் என்றேன். அது சுலபம் என்றான்.

வடக்கனந்தலில் யூரியா கேட்டு இரண்டு பேர் வழிமறித்தார்கள். வேகன் வரட்டும்.

ஆகஸ்ட் 27, வியாழன்

புழுக்கம். நைனார்பாளையத்துக்கு ஒரு லாரி மக்காச்சோளம் ஏற்றினார்கள். இருபது வருஷமாகப் பார்க்கிற வேலைதான். இன்றைக்கு வேறு கண்ணோடு பார்த்தேன்.

மூட்டை தூக்குகிறவன் தானாக நிற்கமாட்டான், ரோஷம். பரசு ஓரமாக நின்று அவன் முழங்காலை மட்டும் பார்ப்பான். முகத்தைப் பார்க்கவேமாட்டான். முழங்கால் லேசாக ஆடினால் உட்கார்ந்திருப்பவன் தோளைத் தொடுவான். அவன் எழுந்து போவான், இவன் வந்து உட்காருவான். பேச்சு இல்லை. லாரி ஒரு நிமிஷமும் காத்திருக்காது. உட்காருகிறவனை யாரும் தோற்றவனாகப் பார்ப்பதில்லை. இதற்கு மாத்து என்று பெயர். நம் ஆட்களில் தனியாக எடுத்தால் பெரிய பலசாலி எவனும் இல்லை. மூட்டைக்கு நூறு கிலோ, ஆனால் ராத்திரி எவனுக்கும் இடுப்பு வலி இல்லை.

ஜெர்மனிக்காரன் மூட்டை தூக்கியிருப்பான் போல.

பனியன் வந்தது. சரியாகப் பதினொன்று. ஒன்று தொளதொள.

ஆகஸ்ட் 29, சனி

ஏழுமலை அவனாகவே வந்து, கென்னடி அண்ணன் வந்தால் நான் உட்கார்ந்துகொள்கிறேன் என்றான். பரசு சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். எனக்குத்தான் சங்கடம்.

அடுத்த மாதம் ஒரு வாரம் மறியல் என்று பேச்சு. நாளைக்கே உளுந்தூர்பேட்டை ரோட்டில் ஒருநாள் மறியல் இருக்கிறதாம். நம் ஆட்களில் மூன்று பேர் போகவேண்டும் என்றார்கள். போகாதே என்று சொல்லவில்லை. பிள்ளைக்கு ஒரு வேலை என்பது அவர்கள் கணக்கு, அதில் நான் கை வைக்க முடியாது.

சீயக்காய் வாங்கியாயிற்று.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

நல்ல வெயில். உ.பேட்டை ரோட்டில் புளியமரம் வெட்டிப் போட்டிருக்கிறார்கள். பஸ் இல்லை. ரயில் விருத்தாசலத்தோடு நிற்கிறது என்று ஸ்டேஷன் மாஸ்டர் சொன்னார். கென்னடி வரவில்லை. நம் லாரியில் எல்லாரையும் ஏற்றி சி.சேலம் போய்ச் சேர்ந்தோம். பரசு முகத்தில் கவலை இல்லை.

ஆட்டம் நாலு மணிக்கு. ரெஃப்ரி பள்ளிக்கூட டிரில் மாஸ்டர். ரத்தினத்தின் ஆட்கள் பதினோரு பேரும் நன்றாக ஆடுகிறவர்கள். அந்தப் பதினோரு பேரைத் தவிர அவனிடம் ஆள் இல்லை. பத்து நிமிஷத்தில் ஒரு கோல் போட்டுவிட்டார்கள். அவர்கள் பக்கம் ஒரே விசில். எங்கள் கோல் கம்பத்துக்குப் பின்னால் வேப்பமர நிழலில் பரசு முழங்கால்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இடைவேளையில் மறியலுக்குப் போன மூன்று பேரும் சைக்கிளில் வந்து சேர்ந்தார்கள். தண்ணி குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள்.

இரண்டாம் பாதியில் ரத்தினத்தின் ஆட்கள் ஓட்டம் தளர்ந்தது. நம் ஆட்கள் அப்போதுதான் எழுந்து வந்தவர்கள் மாதிரி ஓடினார்கள். சடையன் மலையிறக்கத்தில் ஓடுவது போல ஓடினான். ஏழுமலை ஒரு கோல். கொஞ்ச நேரத்தில், மறியலிலிருந்து வந்தவர்களில் ஒருவன் இன்னொன்று. ரத்தினத்தின் ஆட்களில் இரண்டு பேர் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இரண்டுக்கு ஒன்று. விசில்.

நான் துண்டை உதறித் தோளில் போடுவதற்குள் ரத்தினம் மைதானத்துக்குள் வந்துவிட்டான். டிரில் மாஸ்டரிடம், "சார், எட்டாம் நம்பரு பனியன் போட்டுக்கினு உள்ள போனவனுக்கு மீசை இல்ல. இப்ப நிக்கறவனுக்கு மீசை இருக்குது. பாதி ஆட்டத்துல மொளச்சுதா?" என்றான்.

மாஸ்டர் போய் வேப்பமரத்தடியில் எண்ணினார். பனியன் இல்லாமல் வேர்த்து வழிந்தபடி அரை டஜன் பேர். விஷயம் இதுதான்: மூச்சு வாங்குகிறவனைக் கம்பத்துக்குப் பின்னால் வரவழைத்து, பனியனைக் கழற்றி அடுத்தவனுக்குப் போட்டு அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறான் பரசு. உள்ளே எப்போது எண்ணினாலும் பதினோரு மஞ்சள். ரெஃப்ரி எப்படிக் கண்டுபிடிப்பார்?

ஆட்டத்தில் இரண்டு பேரைத்தான் மாற்றலாம், அதையும் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும் என்றார் மாஸ்டர். பரசு நிஜமாகவே முழித்தான்.

"மூச்சு வாங்கறவனை மாத்தறதுக்கு யார்ட்ட சொல்லணுங்க? மூட்டைகிட்ட சொல்லிட்டா மாத்தறோம்?"

மாஸ்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் ஆட்டம் செல்லாது, ஜெயித்தது சின்னசேலம் என்று சொல்லிவிட்டார். என் தப்பு. ஜெர்மனிக்காரனும் இரண்டே பேரைத்தான் மாற்றினான். டி.வி.யில் பார்த்தவன் நான், பரசு இல்லை. சொல்லித் தந்திருக்க வேண்டும்.

திரும்பும்போது லாரியில் பனியன்கள் மூட்டையாகக் கட்டிக் கிடந்தன, ஈரமாக.

ஆகஸ்ட் 31, திங்கள்

மேகமூட்டம். மதியம் கென்னடி வந்தான், கையில் பூட்ஸ் பை. விருத்தாசலத்தில் ராத்திரி பிளாட்பாரத்தில் படுத்து, லாரி பிடித்து வந்திருக்கிறான். நாணயமான பையன். ஆட்டம் முடிந்தது தெரிந்து சங்கடப்பட்டான். சாப்பிட வைத்தேன்.

அவன் நொண்டுவதைப் பரசுதான் முதலில் பார்த்தான். முழங்கால் வீங்கி இருந்தது. ரெண்டு வருஷமாக இப்படித்தானாம்.

"நான் குந்தினா டீம் தோத்துடும்னு விடமாட்டேன்றாங்க," என்றான் கென்னடி.

பரசு வேப்பெண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து தேய்த்தான். "எங்கிட்ட இருந்தா என்னிக்கோ மாத்திருப்பேன்" என்றான்.

சாயங்காலம் பரசு கணக்குத் தீர்க்கச் சொல்லிக் கேட்பானோ என்று பார்த்தேன். கேட்கவில்லை. ஆனால் நாளைக்குச் சங்கராபுரம் போய் வருகிறேன் என்றான். எதற்கு என்று நானும் கேட்கவில்லை. அங்கே இரண்டு மண்டிக்கு ஆள் வேண்டும் என்பது எனக்கும் தெரியும்.

செப்டம்பர் 1, செவ்வாய்

தூறல். பரசு போய் வந்தான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்கிறேன் என்று மண்டிக்காரர்களிடம் சொல்லிவிட்டு வந்திருப்பதாக ஏழுமலை மூலம் தெரிந்தது. கடையில் எலி. பொறி இரண்டு வாங்கவேண்டும்.

செப்டம்பர் 2, புதன்

காலையிலிருந்தே கல்வராயன் பக்கம் கறுத்துக்கொண்டு வருகிறது. வேகன் வந்துவிட்டது. சாயங்காலத்துக்குள் காலி செய்யாவிட்டால் ரயில்வே டெமரேஜ் என்று தாமத அபராதம் போடும். மழை வந்தால் யூரியா மூட்டை தண்ணியாகிவிடும்.

பதினொரு மணிக்கு ரத்தினம் ஸ்கூட்டரில் வந்தான். கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றான்.

"அண்ணே, பாதி வேகன் கூட ஆவல. பசங்களால காலை மடக்க முடியல. ஞாத்திக்கெழம புடிச்ச கெண்டைக்கால் இன்னும் வுடல. ரெண்டு பேரு எழுந்தே வரல."

மாத்துக்கு ஆள் இல்லையா என்றேன். இல்லை என்றான். பார்வை கீழே. ஒரு கணம், நன்றாக நனையட்டும் என்று தோன்றியது. பொய் எழுதுவானேன். ஆனால் பாதிச் சரக்கு என்னுடையது.

பரசுவைக் கூப்பிட்டேன். அவன் வேகனைப் பற்றிப் பேசவில்லை. "இன்னிக்கு மட்டும்னா வேணாங்க. கூப்பிட்டப்ப வர்றதும், போன்னா போறதும் எங்களுக்கு ஒத்துவராது" என்று ரத்தினத்தைப் பார்த்தே சொன்னான். ரத்தினம் என்னைப் பார்த்தான். நான் மேகத்தைப் பார்த்தேன். சரி, பொங்கல் வரை சேர்ந்தே இறக்கலாம், மீதியை ஸ்டேஷனில் பேசி முடிப்போம் என்றான் ரத்தினம்.

லாரியில் எல்லாரும் ஏறினார்கள். ஸ்டேஷனில் முதல் கொஞ்ச நேரம் இரண்டு கோஷ்டியும் முறைத்துக்கொண்டுதான் தூக்கினார்கள். பிறகு பரசு ரத்தினத்தின் ஆள் ஒருவன் முழங்காலைப் பார்த்துவிட்டுச் சடையன் தோளைத் தொட்டான். அந்த ஆள் தயங்கினான், பிறகு போய் உட்கார்ந்தான். அதற்கப்புறம் வேலை ஓடியது. கடைசி மூட்டை உள்ளே போனபோது முதல் சொட்டு விழுந்தது.

பிளாட்பாரத்திலேயே நின்று பேசி முடித்தது, ஸ்டேஷன் மாஸ்டர் முன்னிலையில்: பொங்கல் வரை வரும் வேகன் எல்லாம் இரண்டு கோஷ்டியும் சேர்ந்து இறக்குவது. கூலி தலைக்குச் சமம், உட்கார்ந்திருப்பவனுக்கும். யாரை எப்போது மாற்றுவது என்பது பரசு பொறுப்பு. மறியலுக்குப் போகிறவன் முந்தின நாளே சொல்லிவிட்டுப் போகலாம், திரும்பி வந்தால் அவன் இடம் அவனுக்கு. பொங்கல் கழித்து மறுபடி ஒரு ஆட்டம், வேகனுக்காக இல்லை. வெளியூர் ஆள் கிடையாது. எத்தனை பேரை வேண்டுமானாலும் மாற்றலாம். பனியன் ஆளுக்கு ஒன்று, பாதிச் செலவு ரத்தினத்துடையது.