நைலோன் கிற்றாரும் நான்கு நகங்களும்

2025 ஜூன் 8, ஞாயிறு

இன்னும் ஒரு கம்பி அறுந்தது. வேலணையில் சோளகக் காற்று தொடங்கினால் கிற்றார்க் கம்பி இரண்டு கிழமை தாங்காது. உப்புக்குத் துருப்பிடித்துவிடும். அறுந்த சத்தத்தில் கேதீஸ்வரி திடுக்கிட்டு, திருத்திக்கொண்டிருந்த கணக்குத் தாளில் ஒரு பிள்ளைக்கு 34ஐ 84 என்று போட்டுவிட்டாளாம். கலியாணம் கட்டிய பதினொரு வருடத்தில் என் வாசிப்பால் ஒருவர் நன்மை பெற்றது இதுதான் முதல் தடவை. மனைவி அப்படிப் பார்க்கவில்லை.

"ஒண்டில் உதின்ர வாயைப் பொத்துங்கோ, இல்லாட்டி ரெண்டு பேருமா மாட்டுக் கொட்டிலுக்குப் போங்கோ."

ஜூன் 10

மாட்டுக் கொட்டிலில் வாசித்தேன்.

ஜூன் 12

பசு பாலைக் குறைத்துவிட்டது. அந்தப் பழியும் என் தலையில்.

ஜூன் 13, வெள்ளி

கந்தோரில் என்னோடு வேலை செய்யும் அன்ரனிட்டாவிடம் முறையிட்டேன். ஊர்காவற்றுறையில் தேவாலயப் பாடகர் குழுவுக்குக் கிற்றார் வாசிப்பவர். நைலோன் நரம்புக்கு மாறச் சொன்னார். துருப்பிடிக்காது, சத்தமும் மெத்தென்று இருக்கும். தன்னுடையதைப் பிடித்துப் பார்க்கத் தந்தார். அது கழுத்தா? பலகை! இருபது வருடமாகக் கழுத்துக்கு மேலால் வந்து ஆறாம் கம்பியைப் பிடித்துப் பழகிய என் பெருவிரல், மதிலேற முடியாத கள்ளன் போல நின்றது.

அப்படியென்றால் எனக்குக் 'கிறொஸ்ஓவர்' வகைதான் சரியாம். நரம்பு நைலோன், ஆனால் கழுத்து ஒடுக்கம், விரல்பலகையில் சிறு வளைவு. கம்பிக்காரர் கட்சி மாறுவதற்கென்றே செய்தது.

ஜூன் 21, சனி

யாழ்ப்பாணத்துக் கடையில் என் கைக்கு எட்டிய விலையில் இரண்டு இருந்தன. ஒன்று பழையபடி பலகை. மற்றதில் நரம்பு அந்தரத்தில் நின்றது, அழுத்தினால் விரல் கெஞ்சியது. கைக்கு எட்டாத விலையில் மூன்றாவது: கழுத்தின் அகலம் நாற்பத்தெட்டு மில்லிமீற்றர். என் பழையது நாற்பத்துமூன்று, அன்ரனிட்டாவினது ஐம்பத்திரண்டு. பெருவிரல் சுகமாக மேலே வந்து எட்டிப் பார்த்தது.

பழையதைத் தந்தால் பாதி விலைக்குத் தரலாம் என்றார் கடைக்காரர். கொடுத்துவிட்டேன். கம்பஸ் காலத்திலிருந்து என்னோடு இருந்தது. பஸ் பண்ணைப் பாலம் ஏறும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இறங்கியிருப்பேன்.

வீட்டில் பாதி விலைதான் சொன்னேன். மற்றப் பாதியைப் பழையது கட்டியது. இதில் பொய் எங்கே?

ஜூன் 23

காலையில் சுருதி சேர்த்தால் பின்னேரம் இளகிப் போகிறது. ஏமாந்து போனேனோ? புது நைலோன் இழுபட்டு அடங்க ஒரு கிழமை எடுக்குமாம். இன்னொன்று — வலக்கை நகத்தால் மீட்டினால்தான் நாதமாம். நகமா? நாற்பது வயதில்?

ஜூலை 4, வெள்ளி

வலக்கையில் நான்கு நகம் வந்தாயிற்று. இடக்கையில் ஒட்ட வெட்டியிருக்கிறேன். கந்தோரில் நேர்த்திக்கடன் என்கிறார்கள். ஒருவர் மட்டும் இரகசியமாக, எந்தச் சாத்திரி சொன்னவர் என்று கேட்டார். சோறும் கறியும் நகத்துக்குள் போவதைப் பார்க்க ஏலாது என்று கேதீஸ்வரி என் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி வைத்தாள்.

ஜூலை 6, ஞாயிறு

நயினாதீவு அம்மாள் கோயில் திருவிழா. அன்னதானப் பந்தியில் வேட்டி மடிப்பிலிருந்து கரண்டியை எடுத்தேன். வரிசை முழுக்கத் திரும்பியது. பரிமாறியவர், கையில் காயமோ என்று கேட்டார். ஓம் என்றேன். அம்மாள் மன்னிக்க வேண்டும். அவர் இரக்கப்பட்டுப் பாயாசம் இரண்டு தரம் விட்டார். எதிர் வரிசையில் கேதீஸ்வரி என்னை முன்பின் தெரியாதவள் போல இருந்தாள்.

திரும்பும் படகில்தான் வாய் திறந்தாள். "இண்டைக்கே உந்த நகத்தை வெட்டுறீங்கள். இல்லாட்டி இனி உங்களோட ஒரு பந்தியில நான் இருக்க மாட்டன்."

ஜூலை 7

வெட்டினேன்.

ஜூலை 15, செவ்வாய்

விரல் நுனித் தசையால் மெதுவாக வாசித்தேன். அவள் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். எழும்பிப் போகவில்லை. முடிந்ததும், "அந்தக் கடைசித் துண்டைத் திருப்பி வாசியுங்கோ பாப்பம்" என்றாள்.

பதினொரு வருடம்! சந்தோசத்தில் அதே துண்டைப் பிழையாக வாசித்தேன்.

ஜூலை 29

சுவரின் இந்தப் பக்கம் சாத்திய கிற்றார் அந்தப் பக்கம் நிற்கிறது. நேற்று இளகியிருந்த சுருதி இன்று சரியாக இருக்கிறது. பகலில் வீட்டில் மாட்டைத் தவிர யார்?

ஓகஸ்ட் 5

"மிஸ்ஸுக்கு இப்ப விரல் நோ குறைஞ்சிட்டுதோ?" என்று அன்ரனிட்டா கேட்டுவிட்டு நாக்கைக் கடித்தார். கதை இதுதான்: பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் வரும்வரை கேதீஸ்வரி தினமும் வாசிக்கிறாள். போனில் அன்ரனிட்டா சொல்லிக் கொடுக்கிறார். அந்த ஒடுங்கிய கழுத்து அவளுடைய கைக்கு அளந்து செய்தது போலாம்.

என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லையே! கோபமாகத்தான் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவள் வாசிப்பது கேட்டது. என் துண்டு. பிழையில்லாமல். படியிலேயே இருந்துவிட்டேன்.

ஓகஸ்ட் 12

பள்ளிக்கூட விடுமுறை. நாள் முழுக்கக் கிற்றார் அவள் மடியில். நான் கேட்டால், "கொஞ்சம் பொறுங்கோ." அரசனை நம்பிப் புருசனைக் கைவிட்ட கதை என்னுடையது. பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

ஓகஸ்ட் 31, ஞாயிறு

மத்தியானம் சோறு போட்டுவிட்டுக் கேதீஸ்வரி என் முகத்தைப் பாராமல், "அந்தக் கரண்டியை எடுத்துத் தாங்கோ" என்றாள். எடுத்துக் கொடுக்கும்போது பார்த்தேன். வலக்கையில் நான்கு நகம், அழகாக அராவியிருந்தது.

கடைக்குப் போன் எடுத்தேன். என் பழையது இன்னும் விலைப்படவில்லையாம். சனிக்கிழமை போய் மீட்டு வரவேண்டும். மாட்டிடம் இன்னும் சொல்லவில்லை.