சாப்பாட்டு அறையைச் சுற்றிப் போன ஒயர்

இன்று காலை சமையலறையில் பிளாஸ்டிக் கருகும் வாசனை. மிக்ஸி, கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகியிருந்தேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு நின்றபோது உன் குரல்தான் நினைவுக்கு வந்தது. "படிச்சவதானடி நீ? எல்லாத்தயும் ஒரே லைன்ல சொருவிக்கினு நிக்கிற."

நீ அதைச் சொன்னது என் வீட்டைப் பார்த்து அல்ல. உன் மகன் வேலைக்குப் போனபோது கணினியில் விட்டுச் சென்ற விளையாட்டைப் பார்த்து. மண்ணுக்கடியில் சில பொம்மை மனிதர்கள். அவர்களுக்குக் காற்றும் சோறும் மின்சாரமும் நாம் அமைத்துத் தர வேண்டும். திண்டிவனத்தில் நீ ஒரு வாரம் ஆடுவாய். ஆட்டத்தைச் சேமித்து விழுப்புரத்தில் இருக்கும் எனக்கு மின்னஞ்சலில் அனுப்புவாய். அடுத்த வாரம் என் முறை. ஐம்பதை நெருங்கும் இரண்டு தோழிகள் இதற்காகப் போனில் சண்டை போட்டதை நான் யாரிடமும் சொன்னதில்லை. தலை நிலக்கடலை போல நீளமாக, நடுவில் ஒடுங்கி இருந்த ஒருவனுக்கு நீ மல்லாட்டை என்று பெயர் வைத்தாய்.

குடியிருப்பு பெருகியதும் மெல்லிய ஒயர்கள் சுமை தாங்காமல் எரிந்தன. அதிக மின்சாரம் தாங்கும் தடித்த ஒயரை நான் குறுக்கு வழியாகச் சாப்பாட்டு அறைக்குள்ளேயே இழுத்தேன். அது பார்க்க அசிங்கமானது. பக்கத்தில் இருப்பவர்களின் மனம் வாடும் என்பது விளையாட்டின் விதி. அது வெறும் ஓர் எண் என்றேன் நான். நீ பிடுங்கிப் போட்டாய். "சாப்புடுற எடத்துல இத்தப் பாத்துக்கினு மல்லாட்டைக்கு எப்டிடி சோறு எறங்கும்?"

தடித்த ஒயரை வெளிச்சுவரைச் சுற்றிக் கொண்டுபோய், அறைக்கு அறை டிரான்ஸ்ஃபார்மர் வைத்து, மெல்லிய ஒயர் தாங்கும் அளவு மட்டும் உள்ளே விடுவது உன் திட்டம். பாதியில் அனுப்பினாய். மீதியை என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாய். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்துவிடுவதாகச் சொன்னாய். வரவில்லை.

மாதக்கணக்கில் அதை நான் திறக்கவில்லை. தப்பாகிப்போனால் காற்று இயந்திரம் நின்று, நீ வளர்த்தவர்கள் மூச்சுத் திணறிச் சாவார்கள். போனவர்கள் எங்கிருந்தோ பார்க்கிறார்கள் என்று நம்புகிறவள் அல்ல நான். ஆனாலும் கை வரவில்லை.

இன்று, அந்தக் கருகல் வாசனை போவதற்குள் திறந்தேன். நீ நிறுத்திவைத்திருந்த ஆட்டத்தில் மல்லாட்டை கையில் தட்டோடு அசையாமல் நின்றான். தடித்த ஒயரின் நடுவே ஒரே ஒரு மெல்லிய துண்டை மாற்றாமல் விட்டிருந்தாய். ஓடவிட்டிருந்தால் முதலில் எரிவது அதுதான். நீ அப்படி விடுகிறவள் இல்லை. எவ்வளவு முடியாமல் இருந்திருக்கிறாய் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தத் துண்டை மாற்றினேன். சாப்பாட்டு அறை வழியாகப் போனால் மீதி வேலை உடனே முடிந்துவிடும். ஒயருக்கான செம்பும் குறைவாகத்தான் இருந்தது. சுற்றியே போனேன். காற்று இயந்திரத்துக்குத் தனி டிரான்ஸ்ஃபார்மர் வைத்தேன். பிறகு ஓடவிட்டேன். எதுவும் எரியவில்லை. மல்லாட்டை நடந்துபோய் உட்கார்ந்து சாப்பிட்டான்.

சேமித்து முடித்ததும் பழக்கத்தில் உன் முகவரியை அடித்துவிட்டேன். அதை அழித்துவிட்டு உன் மகனுக்கு அனுப்பினேன். மாலையில் கூப்பிட்டான்.

"ஆன்ட்டி, டைனிங் ஹால் வழியா இழுத்திருந்தா ஈசியா முடிஞ்சிருக்குமே. ஏன் சுத்திக்கினு போனீங்க?"

"சாப்புடுற எடத்துல அத்தப் பாத்துக்கினு எப்டிப்பா சோறு எறங்கும்?" என்றேன்.

 இந்த வாரம் தன் முறை என்றான் அவன்.