வாப்பா கொடுத்த இரண்டு மாத்திரை

அன்பு மகன் ஹைஸமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எகிப்தில், நம் தன்தாவில் நாங்கள் நல்ல சுகம், கனடாக் குளிரில் நீயும் அப்படியே இருக்க அல்லாஹ்வைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறேன். முதலில் நல்ல சேதி. வாப்பாவின் எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய் நன்றாக அடங்கியிருக்கிறது என்று டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துச் சொல்லிவிட்டார், அல்ஹம்துலில்லாஹ். முதுகைப் பிடிக்காமல் படியேறுகிறார், தானே போய் ரொட்டி வாங்கி வருகிறார், என் சமையலில் குற்றம் சொல்கிறார், எனக்கு வேறென்ன வேண்டும்! தாலிடோமைடு என்ற பெயரைக் கேட்டதும் "குழந்தைங்களைக் கை கால் இல்லாம பொறக்க வச்ச விஷத்தையா வாப்பாவுக்குக் குடுக்கிறாங்க" என்று என்னிடம் ஃபோனில் குதித்தாயே, அந்த விஷம்தான் உன் வாப்பாவை எனக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அதை ஒரேயடியாகத் தூக்கி எறியாமல், இந்த நோய்க்கு ஆகுமா என்று பார்த்தவர்கள் யாரோ, ஒவ்வொரு தொழுகையிலும் அவர்களுக்கு துஆ செய்கிறேன்.

ஆனால் நோன்பு மாதத்தில் நடந்ததைக் கேள். கீழ்வீட்டு மருமகள் தஹானிக்கு இரண்டாம் மாதம். வாந்தியில் துவண்டு கிடந்தவள், பிள்ளைத்தாய்ச்சி உனக்குத்தான் நோன்பை விடச் சலுகை இருக்கிறதே என்று நான் திட்டியும் நோன்பை விடவில்லை. நம் கட்டிடம்தான் உனக்குத் தெரியுமே, ஒரு வீட்டு மருந்து எல்லா வீட்டுக்கும் மருந்து, எடுத்துக் கொடுக்காவிட்டால் முகத்தில் விழிக்க முடியாது. இந்த மாத்திரை அந்தக் காலத்தில் கர்ப்பிணிகளின் வாந்திக்குக் கொடுத்தது என்று டாக்டரம்மா சொன்னாரா, உன் வாப்பா அதோடு காதை மூடிக்கொண்டார் போலிருக்கிறது, அதற்குப் பிறகு சொன்ன எதுவும் ஏறவில்லை. நோன்பு திறக்க மஃரிப் பாங்கு கேட்கிறது, நான் பேரீச்சம்பழத்தை வாயருகே கொண்டு போகிறேன், "அந்தப் புள்ள பாவம், என் மாத்திரையில ரெண்டு குடுத்துட்டு வந்தேன், நோன்பு தொறந்ததும் போட்டுக்கோன்னு சொன்னேன்" என்கிறார் மனுஷன், பெருமையாக! யா அல்லாஹ்! செருப்புகூடப் போடாமல் ஓடினேன். அவள் ஒரு கையில் மாத்திரைகள், மறு கையில் தண்ணீர். ஓங்கித் தட்டிவிட்டேன், எல்லாம் பருப்பு சூப்பில் போய் விழுந்தது. அவள் மாமியார் "உனக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்கு, ஹைஸம் உம்மா?" என்று கத்தினாள், விஷயத்தைச் சொன்னதும் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. நோன்பு இல்லாதிருந்தால் வாங்கிய கையோடு விழுங்கியிருப்பாள், நான் திட்டிய அந்தப் பிடிவாதம்தான் பிள்ளையைக் காப்பாற்றியது. சூப்பைக் கொட்டிவிட்டு எல்லோரும் நம் வீட்டில்தான் சாப்பிட்டார்கள்.

வாப்பா மட்டும் சாப்பிடவில்லை. வாய்க்கு வந்தபடி ஏசலாம் என்றுதான் போனேன், "என் உயிரைக் காப்பாத்தின மருந்தாச்சே இன்ஷிராஹ், அவளுக்கும் நல்லதுதானே செய்யும்னு நெனச்சேன்" என்று சின்னப் பிள்ளை போலத் தேம்பினார், அவர் கண்ணைத் துடைத்துவிட்டேன். படுக்கப் போகுமுன் அதே மாத்திரையை நான்தான் எடுத்து அவர் வாயில் போட வேண்டியிருந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லிப் போட்டேன், விழுங்கினார்.

மருமகளுக்கு என் ஸலாம். அல்லாஹ் உங்கள் இருவருக்கும் நீண்ட ஆயுளும் நிறைந்த வீடும் தரட்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஃபோன் பண்ணும்போது இதைப் பற்றி மட்டும் வாப்பாவிடம் கேட்டுவிடாதே. தஹானி தினமும் மேலே வந்து அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறாள், அவர்தான் இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

உன் உம்மா,
இன்ஷிராஹ்