பாயிண்டுக்குப் பதில் பட்டப்பெயர்

ஜூன் 9, 1996, ஞாயிறு

காலையிலிருந்து மேல்காற்று. மாடி ஜன்னல் ஓயாமல் படபட. ஆட்டத்துக்கு முன் வேலை: பகடை தேடல், பென்சில் சீவல், பாயிண்ட் அட்டவணையைப் புதுத்தாளில் எழுதல்.

ஆட்டம் பாழ். கூட்டாளி பீரின் அண்ணன் துபாயிலிருந்து அனுப்பிய ஜெராக்ஸ் விதிப்புத்தகப்படி ஆடும் கற்பனைக் கதை ஆட்டம்; கதை சொல்லி நடத்துபவன் நான். பீர், மணி, என் தங்கை செண்பகம் மூவரும் ஆளுக்கொரு பாத்திரம்; நினைத்தது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும். எதிரியைக் கொன்றால் பாயிண்ட், பாயிண்ட் சேர்ந்தால் பாத்திரம் ஒரு லெவல் ஏறும். கணக்கு வாத்தியாரான என் கையில் சிக்கினால் சும்மா விடுவேனா? என் பங்குக்குப் பின்னமெல்லாம் சேர்த்து வைத்திருந்தேன்.

காட்டில் வழி கேட்கப் போன இடத்தில் சூனியக்கிழவியை வாசலிலேயே வெட்டிவிட்டான் மணி. வழி தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"ஏம்லே கொன்ன?" என்றான் பீர்.

"அவளுக்கு நல்ல பாயிண்ட் இருக்குல்லா!"

நான் பாயிண்டைக் கூட்டிப் பெருக்கி முடிப்பதற்குள் செண்பகம் தூங்கியே போனாள். பீரின் பாத்திரமான ஓடக்காரன் யாரையும் அடிக்க மாட்டான், பேசியே தப்பிப்பான். அதனால் இன்னும் முதல் லெவல். பீர் தாளை மடித்து வைத்தான்.

"வாத்தியாரே, நான் இனி வரல. சண்ட போடாதவனுக்கு உம்ம ஆட்டத்துல எடமில்ல. நீங்க ஆடுங்க."

பீர் பேசாத ஆட்டம் என்ன ஆட்டம்? வாரம் முழுக்க நான் காத்திருப்பதே இதற்குத்தான்.

ஜூன் 11, செவ்வாய்

பேச்சுக்கும் பாயிண்ட் என்று புது அட்டவணை. நான்கு பக்கம். செண்பகம் புரட்டிப் பார்த்து, "அண்ணே, இதப் படிச்சா பீர் ஊரை விட்டே ஓடிருவான்."

சாம்பார் பொடி வாங்க மறந்தேன். அம்மாவிடம் ஏச்சு.

ஜூன் 13, வியாழன்

டவுண். ரதவீதி டீக்கடை. வெளியூர்க்காரர் ஒருவர் சுப்பையா வீடு எங்கே என்று விசாரித்தார்.

"எந்த சுப்பையா வே? பாம்பு புடிச்சவனா, பந்தல சரிச்சவனா?" என்றார் கடைக்காரர்.

"தெரியலையே அண்ணாச்சி. தையல் மிஷின் வச்சிருப்பாரு."

"அப்ப பந்தல் சுப்பையா. அந்தா அங்கன, பச்சைக் கதவு. கயிறு கியிறு கட்டச் சொல்லிராதீரும்!"

கடையே சிரித்தது. என் டீ ஆறிப்போனது. கிடைத்துவிட்டது, கிடைத்தே விட்டது! இந்த ஊரில் யாருக்கு யார் பாயிண்ட் போட்டார்கள்? ஒரு காரியம் செய்தான், பார்த்தவர்கள் பெயர் வைத்தார்கள், ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது.

புது விதி, சிகரெட் அட்டையில்: பாயிண்ட் இல்லை. ஆட்டம் முடிந்ததும் அன்று செய்த காரியத்துக்கு மற்றவர்கள் பட்டப்பெயர் வைக்க வேண்டும். தனக்குத் தானே வைக்கக் கூடாது. பெயருக்குப் பொருந்தும் வேலை வந்தால் பகடையை இருமுறை உருட்டி, நல்லதை எடுத்துக்கொள்ளலாம். கெட்ட பெயரும் ஒட்டும்!

அட்டவணையைச் சுக்குநூறாகக் கிழித்தேன். சைக்கிளை மிதித்து நேரே பீரின் ரேடியோ கடை. பற்றவைப்பதிலிருந்து தலை நிமிராமல் கேட்டுவிட்டு, "பாப்போம்" என்றான்.

ஜூன் 16, ஞாயிறு

வந்துவிட்டான்!!

போன வாரக் கணக்கில் மணிக்கு ஏகமனதாக 'கிழவியக் கொன்னவன்'. போகிற கிராமமெல்லாம் கதவடைப்பு. "எலே, ஒரு வா தண்ணி குடுங்கலே!" என்று கெஞ்சினான். சிரித்துச் சிரித்து எனக்கு விலா வலி.

அப்புறம் ஆற்றங்கரையில் கொள்ளையர். மணி வாளை உருவ, பீர் அவன் கையைப் பிடித்தான். கொள்ளைத் தலைவனாக இருந்த என்னைப் பார்த்து, "சாப்ட்டு எத்தன நாளாச்சு? அக்கரையில நம்ம வீட்டுக் கல்யாணம். நெய்ச்சோறு, கறியாணம், எல்லாம் இருக்கு. கத்திய மட்டும் இங்கன வச்சிட்டு ஏறுங்க."

பகடை உருண்டது. ஜெயம்! கொள்ளையர் வரிசையாக ஓடத்தில். எனக்கே பசித்தது.

முதலில் கத்தியது மணிதான். "சோறு போட்டவன்! இவன் பேரு இனி அதான்!"

பீர் பென்சிலால் எழுதினான். காது சிவந்திருந்தது.

"வாத்தியாருக்கு?" என்றான்.

கதை சொல்பவனுக்கு லெவல் கிடையாது என்றேன்.

"அது புத்தகத்துல. இது நம்ம விதில்லா."

மூவரும் கூடிக் குசுகுசு. செண்பகம் அறிவித்தாள்: 'கணக்கக் கிழிச்ச வாத்தியார்'.

ஜூன் 17, திங்கள்

லேசான சாரல். சாம்பார் பொடி வாங்கியாயிற்று. சாயங்காலம் வாசலில் முன்பின் தெரியாத ஆள், கையில் ரிப்பேர் பார்த்த ரேடியோ.

"கணக்கக் கிழிச்ச வாத்தியார் வீடு இதானே? சோறு போட்டவன் அனுப்புனான்னு சொன்னாத் தெரியும்னாவ. ஞாயித்துக்கிழம என்னமோ ஆட்டமாம்லா, எடம் இருக்கா?"