பெட்ரோமாக்ஸ் மேன்டிலில் நாம் பார்த்த ஆல்பா

இன்று காலை என் மாணவிகளுக்காகப் பள்ளி ஆய்வகத்தில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் புட்டியைத் திறந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ பக்கத்தில் வந்து நின்றுவிட்டாய். "சீக்கிரம் ஊத்துட்டி, ஐஸ் தீரப்போவுது" என்று நீ விரட்டுவதுபோலவே இருந்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிறது.

நம் மலையாளப் பள்ளியில், பிளஸ் டூவில், நமக்குக் கதிரியக்கச் சிதைவுப் பாடம் வந்த நாள் நினைவிருக்கிறதா? ஆல்பா வெளியேறினால் நிறை எண் நான்கும் அணு எண் இரண்டும் குறையும். பீட்டா வெளியேறினால் அணு எண் ஒன்று கூடும். காமாவில் இரண்டுமே மாறாது. டீச்சர் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டேன். நீ எழுந்து நின்றாய். அணுக்கருவில் எலக்ட்ரானே கிடையாது என்றால், பீட்டாவாக வெளியே வரும் எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது என்று மலையாளத்தில் கேட்டாய். "அதொந்நும் வேண்டா, எழுதியெடுத்தா மதி" என்று டீச்சர் உன்னை உட்காரவைத்தார். எழுதிக்கொண்டால் போதுமாம்! பரீட்சைத் தாளில் பதிலுக்குப் பதிலாக அதே கேள்வியை எழுதிவிட்டு வந்தாய். தேறவில்லை.

அது சின்ன விஷயமில்லை. சாலைக் கடைத்தெருவில் விளக்குக் கடை வைத்திருந்த உன் அப்பா, இன்னொரு முறை தோற்றால் படிப்பை நிறுத்தித் தென்காசியில் அத்தையின் ஜவுளிக் கடைக்கு அனுப்பிவிடுவேன் என்று சொல்லியிருந்தார். நீ அழவில்லை. நேரே நூலகத்துக்குப் போனாய். மறுநாள் மாலை மூச்சிரைக்கக் கோட்டைக்குள் இருந்த எங்கள் வீட்டுக்கு ஓடி வந்தாய்.

"ஏட்டி, அந்த எலக்ட்ரான் உள்ள இருந்ததே இல்ல! நியூட்ரான் புரோட்டானா மாறுதுல்லா, அப்பதான் பொறக்குது!"

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "யாருக்குடி கொழந்தை பொறந்திருக்கு?"

நாம் சிரித்த சிரிப்பில் அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

அதே புத்தகத்தில்தான் முகில் கலம் செய்யும் முறையும் இருந்தது. கதிர்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் குளிர்ந்த ஆல்கஹால் ஆவிக்குள் அவை போன வழி வெள்ளைக் கோடாகத் தெரியும். பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு இதைத்தான் செய்ய வேண்டும் என்று நீ முடிவு செய்துவிட்டாய். உன் அப்பாவின் கடையில் விற்காமல் கிடந்த பழைய பெட்ரோமாக்ஸ் மேன்டிலில், விளக்குக்குள் ஒளிரும் அந்த வலைத்துணியில், கதிர் வீசும் தோரியம் இருந்தது. ஆவியைக் குளிர்விக்க ஐஸ்கிரீம் கம்பெனிக்காரரிடம் கெஞ்சி ட்ரை ஐஸ் வாங்கினோம். முதல் முறை வெறும் புகைமூட்டம்தான் தெரிந்தது. கண்ணாடி ஜாடியின் விளிம்பில் காற்று புகுகிறது என்று கண்டுபிடித்தவள் நீ. கோதுமை மாவைப் பிசைந்து சுற்றிலும் அடைத்தாய்.

கண்காட்சியன்று ஜன்னல்களை மூடி, டார்ச் அடித்துக் காத்திருந்தோம். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். பார்க்க வந்தவர்கள் அடுத்த மேசைக்கு நகரத் தொடங்கினார்கள். அப்போது மேன்டில் துண்டிலிருந்து ஒரு கோடு சீறிக்கொண்டு கிளம்பியது. குட்டையாய், தடிப்பாய், நேராக!

"ஆல்பா!" என்று நீ கத்தியதில் பக்கத்து மேசைக்காரர்களெல்லாம் ஓடி வந்தார்கள். உடனே இன்னொன்று. பிறகு நூல்போல மெலிந்து, வளைந்து வளைந்து போன ஒரு கோடு. "பாருங்க, அதுதான் பீட்டா. காமா தனியா கோடு போடாது, கள்ளன்!" தமிழும் மலையாளமுமாக நீ விளக்கிக்கொண்டே போனாய். டீச்சர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்தார். தானும் இதை இதுவரை கண்டதில்லை என்று எல்லார் முன்னாலும் சொன்னார்.

கடையை அடைத்துவிட்டு வந்திருந்த உன் அப்பா வெகுநேரம் பார்த்தார். "இருவது வருசமா இத விக்கேன். உள்ள இப்படி ஒண்ணு நடக்குன்னு தெரியாமப் போச்சே, மக்ளே" என்றார். பிறகு மெல்ல, "நீ படி. அத்தைகிட்ட நான் பேசிக்கிடுதேன்."

நீ படித்தாய். புற்றுநோய் மருத்துவமனையில் கதிர் சிகிச்சைப் பிரிவில் சேர்ந்தாய். கோபால்ட்டின் காமாக் கதிரைக் கட்டிக்குக் குறிவைப்பது உன் வேலை. ஒருவர் குணமாகி வீடு திரும்பினால் அன்று எனக்கு போன் வரும். "இன்னைக்கு ஒருத்தங்க நடந்தே போனாங்கடி!" அப்படி எத்தனையோ பேரை அனுப்பிவைத்த உனக்கு, வேலைக்குக் கிளம்பிய ஒரு காலையில் இதயம் நின்றுவிட்டது. செய்தி சொன்னவரிடம் நான் கேட்டதையே மூன்று முறை கேட்டேனாம்.

இன்று என் மாணவிகளுக்கு முகில் கலம் வேலை செய்தது. முதல் கோட்டைப் பார்த்ததும் வகுப்பே கூச்சலிட்டது. நான் அங்கே நிற்கவில்லை. ஆசிரியர் அறைக்கு ஓடி, டீ குடித்துக்கொண்டிருந்த மலையாள ஆசிரியையின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். "எந்தா, தீ பிடிச்சோ?" என்று பதறிக்கொண்டே வந்தவர், குனிந்து பார்த்ததும் கண்ணாடியில் மூக்கு இடிக்க இன்னும் குனிந்தார்.

கூச்ச சுபாவக்காரி நான், உனக்குத் தெரியும். வியப்பான ஒன்றைக் கண்டால் யாரையாவது இழுத்து வந்து காட்டாமல் இருக்க முடியாத இந்தப் பழக்கம் உன்னிடமிருந்து எனக்கு ஒட்டிக்கொண்டது. அது இன்னும் விடவில்லை.