பன்னிரண்டு பெருக்கல் குறிகள்

அக்டோபர் 7, திங்கள்

எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். நோயாளிகளைப் பற்றி வெளியே எதுவும் எழுதக் கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பெயரை மாற்றிவிடுகிறேன். பேசத் தைரியம் இருந்தால் இந்த நோட்டே தேவைப்பட்டிருக்காது.

பக்கவாதப் பிரிவில் பேச்சுப் பயிற்சி உதவியாளராகச் சேர்ந்து ஐந்தாவது வாரம். இன்று முதல்முறையாக என்னை ஆறாம் கட்டிலுக்கு அனுப்பினார்கள். ஹெப்வொர்த், எழுபத்தெட்டு வயது, சுரங்கத்தில் வேலை பார்த்தவர். வலது கை தூக்க வரவில்லை. பேச்சு வருகிறது, மெதுவாக.

"எந்த ஊரு கண்ணு?" என்றார்.

"யார்க் பக்கம்" என்றேன், பல்கலைக்கழகத்தில் பழகிய குரலில்.

"அட, தூரம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எங்கள் வீடு அவர் வீட்டிலிருந்து இரண்டு பஸ் நிறுத்தம். ஏன் அப்படிச் சொன்னேன்?

அக்டோபர் 9, புதன்

இன்று அவருக்குச் சோதனை. நடத்தியது என் மேலதிகாரி இமோஜன். லண்டன்காரர், இங்கே வந்து இரண்டு மாதம், யாரையும் கடிந்து பேசாதவர். ஒரு சமையலறைப் படத்தைக் காட்டி விவரிக்கச் சொன்னார். பதிவுக் கருவி என் கையில்.

கெட்டில் கொதிக்குது. பூனை மேசை மேல. கதவு திறந்து கெடக்கு.

ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரவேண்டிய 'தி' (the) என்ற சின்னச் சொல் அவர் வாயில் வரவில்லை என்று இமோஜன் ஒவ்வொரு முறையும் ஒரு பெருக்கல் குறி போட்டார். மூளை அடிபட்டால் அந்த மாதிரிச் சின்னச் சொற்கள் தொலைந்துபோகும் என்று நானும் படித்திருக்கிறேன். பன்னிரண்டு குறிகள்.

ஆனால் அவர் சொன்னார்! தெற்கு யார்க்ஷயரில் எங்கள் பக்கம் அதை நாக்கால் சொல்வதில்லை. தொண்டை ஒரு கணம் மூடித் திறக்கும், அவ்வளவுதான். அப்பா அப்படித்தான் சொல்வார். நானும் அப்படித்தான் சொன்னேன் — பல்கலைக்கழகத்தில் முதல் வார வகுப்பில் ஒருத்தி என்னைப்போலப் பேசிக் காட்டி எல்லோரையும் சிரிக்க வைக்கும் வரை.

அவர் மதிப்பெண் நாற்பத்தெட்டு. ஐம்பத்தைந்து வேண்டும். வராவிட்டால், தனியாக விழுந்தால் போனில் உதவி கேட்க முடியாதவர் என்று எழுதி முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். வீட்டில் அவருக்குத் துணை ஒரு நாய்தான், அதை அங்கே சேர்க்க மாட்டார்கள்.

நான் வாயே திறக்கவில்லை.

அக்டோபர் 10, வியாழன்

இன்றும் சொல்லவில்லை.

அக்டோபர் 11, வெள்ளி

பதிவை நான்கு முறை கேட்டேன். பத்து இடத்தில் தொண்டை மூடுகிறது. இரண்டு இடத்தில் இல்லை, அங்கே நிஜமாகவே விட்டிருக்கிறார். இல்லை, எனக்கு வேண்டியதைத்தான் நான் கேட்கிறேனா?

அக்டோபர் 12, சனி

சாப்பாட்டு மேசையில் என்னை அறியாமல் அந்த 'தி' பல்லுக்கு நடுவே சுத்தமாக வந்துவிட்டது.

"துரைசானி கேக்கறாங்க, 'அந்த' ரொட்டிய எடுத்துக் குடு" என்றார் அப்பா. "நம்ம குடும்பத்துல மொத பட்டதாரி, சும்மாவா!"

அம்மா சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாளைக்கு அப்பா அந்தக் கட்டிலில் படுத்தால் எத்தனை குறி விழும்?

அக்டோபர் 14, திங்கள்

இல்லத்தைப் பற்றி ஹெப்வொர்த்திடம் சொல்லிவிட்டார்கள். புதன்கிழமை கூட்டத்தில் முடிவு.

"என் நாய எவன் பாப்பான்?" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது. நீ யார்க் ஊருக்காரி."

அக்டோபர் 16, புதன்

டாக்டர், சமூகநலப் பணியாளர், இமோஜன். நான் கோப்போடு சுவரை ஒட்டி நின்றேன்.

"அப்ப இல்லம்தானே?" என்றார் பணியாளர்.

"அந்தப் பன்னிரண்டுல பத்து தப்பே இல்ல." யார் பேசியது? நான்தான். எங்கள் பக்கத்துப் பேச்சை விளக்க ஆரம்பித்து, பாதியில் நின்றுவிட்டேன்.

இமோஜன் மென்மையாகச் சொன்னார். "லியான், அவர் மேல இருக்கிற பிரியத்துல சொல்றே."

"அப்ப எனக்கு அந்தப் படத்தக் காட்டுங்க. எங்கப்பாகிட்ட பேசற மாதிரி பேசறேன். நீங்க குறி போடுங்க."

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். இமோஜன் படத்தை எடுத்தார்.

பேசினேன். கெட்டில், பூனை, கதவு. வீட்டுக்கு வெளியே நான்கு வருடமாகப் பேசாத பேச்சு. காது சுட்டது. பேனா முதலில் விடாமல் ஓடியது. ஐந்தாவது குறியில் கொஞ்சம் நின்றது. பிறகும் போட்டார், நேர்மையானவர்.

"எத்தனை?" என்றார் டாக்டர்.

"பதினொன்னு." இமோஜனின் கழுத்து சிவந்திருந்தது. "லியான், அவர் பதிவப் போடு."

இமோஜன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஒவ்வொரு இடத்திலும் நான் விரலை உயர்த்தினேன். மூன்றாவது இடத்திலிருந்து என் விரலுக்கு முன்பே அவர் தலையசைத்தார்.

பத்து. மதிப்பெண் ஐம்பத்தெட்டு.

அக்டோபர் 18, வெள்ளி

ஹெப்வொர்த் வீட்டுக்குப் போகிறார். தினம் இரண்டு வேளை உதவிக்கு ஆள் வரும். பக்கத்து வீட்டுப் பெண் காரில் நாயோடு வந்திருந்தாள். அது கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டிருந்தது.

சக்கர நாற்காலியை நான் தள்ளினேன். கூட்டத்தில் நடந்ததை இமோஜன் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். வழியெல்லாம் கழுத்தைத் திருப்பி என்னையே பார்த்தார். வாசல் வந்துவிட்டது. இனி வேறு சமயம் கிடைக்காது. குனிந்து, வீட்டுப் பேச்சில் சொன்னேன்:

"ஒரு உதவி பண்ணுங்க. நான் எந்த ஊருன்னு இன்னொரு தடவ கேளுங்க."